உப்புச் சோப்பு முதன்முறை செய்யப்போகிறேன்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சில கேள்விகள்

கிழக்குத்தோப்பு | கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்புத் தேங்காயைக் கொப்பரை போட்டுச் செக்கில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் டின்களில் நிற்கிறது. சமையலுக்கும் தலைக்கும் போக நிறையவே மிஞ்சும். திருச்சூரில் இருக்கும் என் நாத்தனார் போன வருகையின்போது உப்புச் சோப்பு ஒன்றைக் கொடுத்தார். கனமாக, வெள்ளையாக, தண்ணீர் பட்டதும் வழவழவென்று இருந்தது. நுரை குறைவுதான். ஆனால் குளித்த பின் தோல் இழுக்கவில்லை. அடுப்பில் காய்ச்சாமல், காஸ்டிக் சோடாக் கரைசலையும் எண்ணெயையும் கலந்து அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைத்துச் செய்வது என்று சொன்னார். அன்று முதல் இதே நினைப்பு.

தேங்காய் எண்ணெய் மட்டும் போதுமா, வேறு எண்ணெய் சேர்க்க வேண்டுமா? சமையலறையில் இருக்கும் தூத்துக்குடிக் கல்லுப்பு ஆகுமா? அச்சுக்கு இட்லித் தட்டு சரிப்படுமா? சித்திரை முடியப்போகிறது, இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் சோப்பு காயுமா? எல்லாவற்றுக்கும் மேல், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காஸ்டிக் சோடாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.


நுரைமகள் | பாலக்காடு

வாருங்கள் அக்கா. பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் நியாயமானது. காஸ்டிக் சோடா தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை மீறாதவரை வீட்டில் செய்யக்கூடிய வேலைதான் இது.

இப்போது பள்ளி விடுமுறை. பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்து அறையில் விளையாடுகிறார்கள் என்ற சமாதானம் வேண்டாம். கண்ணைப் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு. திறந்த திண்ணை அல்லது சன்னல் திறந்த சமையலறை. தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்து, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஒருபோதும் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். சரியான முறையில் கலந்தாலும் கரைசல் 80 டிகிரிக்கு மேல் சூடாகும், மூக்கை உறுத்தும் ஆவி எழும். முகத்தை மேலே கொண்டுபோகாமல் தள்ளி நின்று கலக்குங்கள்.

பாத்திரம் எவர்சில்வர், இல்லையென்றால் அடியில் 5 என்ற எண் போட்ட கெட்டிப் பிளாஸ்டிக். கண்ணாடி வேண்டாம், சூட்டில் விரிசல் விடலாம். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். இட்லித் தட்டுக்கும் இதுதான் பதில்: பெரும்பாலான வீடுகளில் இருப்பது அலுமினியத் தட்டு. எவர்சில்வர் தட்டாக இருந்தாலும் குழி ஆழமில்லை, பிறகு அதில் இட்லி அவிக்கவும் கூடாது. சிலிக்கான் கேக் அச்சு வாங்கிவிடுங்கள். தனித்தனிக் குழி உள்ளதாகப் பாருங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் தடவைக்கு அளவு இது:

தேங்காய் எண்ணெய் 500 கிராம்
காஸ்டிக் சோடா 73 கிராம்
தண்ணீர் 146 கிராம்
பொடியுப்பு 250 கிராம்

எல்லாமே எடை. தண்ணீரைக்கூடத் தராசில் வைத்தே எடுங்கள். கரண்டிக் கணக்கும் டம்ளர் கணக்கும் இங்கே வேலைக்கு ஆகாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

எண்ணெயும் கரைசலும் தனித்தனியே 40 டிகிரி அளவுக்கு ஆறியதும், கரைசலை எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு அடியுங்கள். தோசை மாவுப் பதம் வந்து, மேலே ஊற்றிய கோடு அழியாமல் நின்றால் பிளெண்டரை எடுத்துவிட்டு உப்பைக் கொட்டிக் கரண்டியால் கிளறுங்கள். உப்பு விழுந்ததும் மளமளவென்று இறுகும். வாசனை எண்ணெய் சேர்ப்பதென்றால் உப்புக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். அச்சை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள், தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

தனிக்குழி அச்சு ஏன் என்றால், உப்புச் சோப்பை நீள அச்சில் ஊற்றினால் அன்றே, அதுவும் சூடு முழுவதும் ஆறுவதற்குள் வெட்டியாக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வெட்டும் பதம் வந்துவிடலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். மற்ற சோப்பைப் போல மறுநாள் காலை வெட்டலாம் என்று விட்டுவிட்டால் கத்தி வைத்த இடத்தில் உதிரும். முதல் முறையிலேயே அந்தக் காவல் உங்களுக்கு எதற்கு?


செங்கோட்டை வாத்தியார் | செங்கோட்டை

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நுரைமகள் சொன்ன அளவுக்குப் பின்னால் உள்ள கணக்கைச் சொல்கிறேன். கணக்கு புரிந்துவிட்டால் எந்த அளவுக்கும் தாமே மாற்றிக்கொள்ளலாம், யார் எழுதிய குறிப்பில் தவறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 0.183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, வேண்டும். 500 கிராமுக்கு 91.5 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே குறைத்தால் 73.2 கிராம். ஆக, எண்ணெயில் 20 சதவீதம் சோப்பாகாமல் எண்ணெயாகவே தங்கும். இது விரயம் அல்ல. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் சோப்பு அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்தெடுத்துவிடும். மற்ற எண்ணெய்ச் சோப்புகளுக்குப் பலரும் விடும் 5 சதவீத மீதியை இங்கும் விட்டால் குளித்ததும் தோல் வறளும். 15 முதல் 20 வரை மீதி விட்டால்தான் உங்கள் நாத்தனார் கொடுத்த சோப்பில் இருந்த மென்மை கிடைக்கும்.

தேங்காய் எண்ணெயைத்தான் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? சோப்புத் தொழிற்சாலைகளில் கிளிசரினைப் பிரிக்கச் சோப்புக் கரைசலில் உப்பைக் கொட்டுவார்கள். சோப்பு உப்புநீரில் கரையாமல் திரண்டு மேலே வந்துவிடும். பெரும்பாலான எண்ணெய்ச் சோப்புகளின் குணம் இது. தேங்காய் எண்ணெய்ச் சோப்போ உப்புநீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கடல்நீரில் குளிக்க வேண்டியிருந்த கப்பல்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கொடுத்ததற்குக் காரணம் இதுவே. பாதி எடைக்கு உப்புச் சேர்த்த சோப்பில் நல்லெண்ணெயையோ ஆலிவ் எண்ணெயையோ முதன்மையாக வைத்தால் நுரையே வராது. நம் மலையோரத்தில் மலிவாகவும் நல்லதாகவும் கிடைப்பதும், இந்தச் சோப்புக்கு வேண்டியதும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது. 1914இலேயே கோழிக்கோட்டில் அரசு சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது நினைவுக்கு வருகிறது. தேங்காய் எண்ணெயும் சோப்பும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

காரம் மேலே பட்டால் மோர் ஊற்று, எலுமிச்சை தேய், வினிகர் தடவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது எழும் சூடு புண்ணை இன்னும் மோசமாக்கும். செதிலாக ஒட்டியிருந்தால் உதறித் தட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். கண் என்றால் கழுவியபடியே மருத்துவமனைக்குப் புறப்பட ஏற்பாடு செய்யுங்கள். மீந்த சோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். குடிநீர் பாட்டிலிலோ பழைய ஜூஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.


கிழக்குத்தோப்பு | கொழிஞ்சாம்பாறை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம். எண்ணெயை நாங்கள் லிட்டர் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். அரை லிட்டர் என்பதை 500 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாமா?


நுரைமகள் | பாலக்காடு

கூடாது அக்கா. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். அரை லிட்டர் ஏறத்தாழ 457 கிராம். அதற்கு 73 கிராம் சோடா போட்டால் 20 சதவீத மீதி என்று நீங்கள் நினைத்திருப்பது 12, 13க்கு இறங்கிவிடும். இந்தச் சோப்பில் ஆபத்து வராது, வறட்சி வரும். 5 சதவீத மீதி வைக்கும் வேறு சோப்பில் இதே பிழை நேர்ந்தால் காரம் மிஞ்சிய சோப்பாகவே முடியும்.


அளத்தோரம் | புத்தளம், கன்னியாகுமரி மாவட்டம்

உப்பைப் பற்றி நான் பேச வேண்டும். எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டியது. உப்பு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்கும், பிறகு உப்பு விளையும், கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் நிற்கும். கழுவாத கல்லுப்பில் அந்தக் கசப்பு நீர் ஒட்டிக்கொண்டே வரும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் கல்லுப்பைச் சோப்பில் போட்டால் சோப்பும் அப்படியே கசியும். போதாக்குறைக்குக் கல் கரையாமல் நின்று உடம்பைக் கீறும். மிக்சியில் பொடித்தாலும் கீறல்தான் குறையும், கசிவு குறையாது.

ஆகவே சுத்திகரித்த பொடியுப்பை வாங்குங்கள் அம்மா. அயோடின் சேர்த்தது என்று தயங்க வேண்டாம். பத்து லட்சத்தில் 15 பங்கு, 30 பங்கு என்ற அளவில்தான் அது இருக்கிறது, சோப்பை ஒன்றும் செய்யாது. இந்துப்பு என்று இளஞ்சிவப்பில் விலை கூட்டி விற்பதையும் கேட்பீர்கள். சோப்புக்குள் போன பின் அதுவும் உப்புத்தான், பருமனான துகளாக இருந்தால் கீறவும் செய்யும்.


கடலோரக் கேள்வி | குளச்சல்

அண்ணன் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. வீட்டுக்கு எதிரிலேயே கடல். தண்ணீருக்குப் பதில் கடல்நீரிலேயே சோடாவைக் கரைத்தால் உப்பு தனியாக வேண்டாம் அல்லவா?


அளத்தோரம் | புத்தளம், கன்னியாகுமரி மாவட்டம்

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நுரைமகள் சொன்ன 146 கிராம் தண்ணீரில் 5 கிராம்தான் வரும். வேண்டியது 250.


செங்கோட்டை வாத்தியார் | செங்கோட்டை

கூடவே, காரம் பட்டதும் கடல்நீரில் உள்ள மெக்னீசியம் வெள்ளையாகத் திரியும். அதில் செலவாகும் காரம் கணக்கில் வராது. காய்ச்சி வடித்த தண்ணீரோ, ஆர்.ஓ. வடிகட்டியில் இறக்கிய தண்ணீரோ நல்லது. கொழிஞ்சாம்பாறை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.


பாறசாலைக்காரன் | பாறசாலை

எல்லோரும் நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் என் கருத்து வேறு. முதன்முறை சோப்பு செய்பவர் உப்புச் சோப்பில் தொடங்கக் கூடாது. பதம் என்றால் என்ன என்று கை அறிவதற்கு நேரம் வேண்டும். வெறும் தேங்காய் எண்ணெயே சீக்கிரம் இறுகும். அதில் உப்பும் விழுந்தால் யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. நல்லெண்ணெயோ தவிட்டெண்ணெயோ பாதிக்கு மேல் சேர்த்த சாதாரணச் சோப்பு ஒன்றை முதலில் செய்யட்டும். மெதுவாக இறுகும், பார்த்துப் பழகலாம். அடுத்தது உப்பு.


நுரைமகள் | பாலக்காடு

பாறசாலை அண்ணனின் அக்கறை புரிகிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதியவருக்கு உண்மையான ஆபத்து எது? எடை தவறிக் காரம் மிஞ்சுவது. 5 சதவீத மீதி வைக்கும் சாதாரணச் சோப்பில் தராசு சற்றே பிசகினாலும் அது நடக்கும். 20 சதவீத மீதியுள்ள இந்தச் சோப்பில் பிசகுக்கு நிறைய இடமிருக்கிறது. சீக்கிரம் இறுகுவதற்குத் தனிக்குழி அச்சே மருந்து. மேல்பக்கம் கொஞ்சம் கரடாக வரும், அவ்வளவுதானே? மேலும், அவரிடம் டின் டினாக இருப்பது தேங்காய் எண்ணெய். இல்லாத எண்ணெயை வாங்கித் தொடங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.


பாறசாலைக்காரன் | பாறசாலை

எடைப் பிசகு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சோப்பு செய்யும் ஆசை ஒருவருக்கு நிலைப்பதும் விட்டுப்போவதும் முதல் தடவை எப்படி அமைகிறது என்பதில்தான் இருக்கிறது. பாத்திரத்திலேயே இறுகிப்போன சோப்பைச் சுரண்டி எடுத்தவர்கள் மறுபடி தொடங்குவதில்லை. அதைத் தடுக்கவே சொல்கிறேன். சகோதரி உப்புச் சோப்பே செய்வதாக இருந்தால் பிளெண்டரை இடைவிடாமல் ஓட்ட வேண்டாம். கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, கையால் கிளறிப் பாருங்கள். பதம் தொடங்கிய உடனே, இளகலாக இருக்கும்போதே உப்பைச் சேருங்கள். கிராம்பு எண்ணெய் பக்கமே போக வேண்டாம், அது விழுந்தால் இன்னும் விரைவாக இறுகும்.


செக்கடி | கோபாலபுரம்

எண்ணெய் ஆட்டுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. செக்கெண்ணெயில் அடியில் கசடு தங்கும். மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுத்துத் துணியில் வடிகட்டுங்கள். கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்திருந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறியிருக்கும். அப்படிப்பட்ட எண்ணெய் சோப்பில் திடீரென்று இறுகும், நாளடைவில் காறல் வாடையும் வரும். மூக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.


குமுளி ஏலக்காடு | குமுளி

அக்காவின் மழைக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தகுதி உண்டு. எங்கள் ஊரில் ஆனி ஆடியில் துணியே காயாது.

சுத்தமான உப்புகூடக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மெக்னீசியம் கலந்த உப்புக்கு 33 சதவீதமே போதும். இடவப்பாதி தொடங்கிவிட்டால் கேரளப் பக்கம் முழுவதும் 75க்கு மேல்தான். அப்போது உப்புச் சோப்பு எவ்வளவு நல்ல உப்பில் செய்திருந்தாலும் வியர்க்கும். மேலே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், தாளில் சுற்றியிருந்தால் தாள் ஊறிவிடும். என் யோசனை, பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வீசும் மார்கழி, தை வரை காத்திருங்கள். அந்தக் காற்றில் காய்ந்த சோப்பின் கெட்டித்தன்மையே தனி.


நுரைமகள் | பாலக்காடு

வியர்ப்பதால் சோப்பு கெடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். துடைத்துவிட்டு வைத்தால் போதும். சோப்பாகும் வேலை முதல் ஓரிரு நாட்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் நடப்பது ஈரம் வெளியேறுவதும் சோப்பு இறுகுவதும். நான்கு வாரம் குறைந்தபட்சம். உப்புச் சோப்புக்கு எட்டு வாரம் கொடுத்தால் நுரை மிருதுவாகும், உறுத்தலும் குறையும். சித்திரைக்குள் ஊற்றிவிட்டால் மழைக்கு முன் நல்ல வெயில் நாட்கள் சில கிடைக்கும். மழை தொடங்கியதும் அரிசியோ சிலிக்கா பொட்டலமோ போட்ட மூடிய டப்பாவுக்கு மாற்றலாம். ஆவணியில் வெயில் அடித்ததும் வெளியே எடுக்கலாம்.

இப்போதைய வெயிலில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இறுகும்போது தானாகவே நன்றாகச் சூடாகும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் அச்சைக் கம்பளியால் மூடச் சொல்வார்கள். சித்திரையில் பாலக்காட்டில் அதைச் செய்தால் நடுவில் வெடிப்பு விழும். மின்விசிறிக் காற்றில் திறந்து வையுங்கள்.


கிழக்குத்தோப்பு | கொழிஞ்சாம்பாறை

எல்லோருடைய பேச்சையும் படித்து, கணவரிடமும் படித்துக்காட்டினேன். வீட்டில் ஏலக்காய் போட்ட டப்பாவில் ஈரம் புகாமல் வைக்கத் தெரிந்த எனக்குச் சோப்பை மழையில் காப்பாற்ற முடியாதா என்று தோன்றியது. ஆகவே இப்போதே செய்வதாக முடிவு. பிள்ளைகள் பொள்ளாச்சியில் என் அம்மா வீட்டில் இருக்கிறார்கள்.

வாசனைக்குப் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) சேர்க்க விருப்பம். கொஞ்சம் மஞ்சள்தூளும். சரியா?


செங்கோட்டை வாத்தியார் | செங்கோட்டை

மஞ்சள் காரத்தில் முதலில் செக்கச் சிவந்து பயமுறுத்தும், பிறகு மஞ்சளுக்குத் திரும்பும், வெளிச்சத்தில் வெளுக்கும். கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், துண்டில் கறை பிடிக்கும். புல்தைலம் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரக்கூடியது. 500 கிராம் எண்ணெய்க்கு 5 கிராமே போதும். உங்கள் நோக்கம் பிள்ளைகளுக்கும் பயன்படுத்துவது என்றால் முதல் தடவை வாசனையே இல்லாமல் செய்யுங்கள். வெட்டுக்காயம், சொறிந்த இடம், கண் ஓரம் ஆகியவற்றில் இந்தச் சோப்பின் உப்பு எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேர்க்குரு, படை எல்லாம் உப்புச் சோப்பில் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழுக்குப் போக்குவதே இதன் வேலை.


கிழக்குத்தோப்பு | கொழிஞ்சாம்பாறை

ஊற்றிவிட்டேன்! வாசனை, நிறம் எதுவும் இல்லாமல் நுரைமகள் சொன்ன அளவிலேயே. சோடா கரைந்தபோது பாத்திரத்தின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு. இரண்டும் ஆறும் வரை பொறுமையாக இருப்பதுதான் பெரும்பாடு. பாறசாலை அண்ணன் சொன்னபடி பிளெண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். இளகலாக இருக்கும்போதே உப்பைச் சேர்த்தேன். முதல் ஐந்து குழிக்கு வழிந்து இறங்கியது. கடைசிக் குழிகளுக்குக் கரண்டியால் வழித்து அழுத்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் சொன்னதன் அருமை புரிந்தது.

ஊற்றிய சிறிது நேரத்தில் நடுப்பகுதி கண்ணாடித்தன்மையாக மாறிச் சுட்டது. மாலைக்குள் அச்சிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்துவிட்டது. நீங்கள் நீள அச்சு வேண்டாம் என்று சொன்னது எவ்வளவு நல்லது!

இது பத்திரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறம் மாறும் தாளில் பார்க்கலாமா?


செங்கோட்டை வாத்தியார் | செங்கோட்டை

நல்ல செய்தி. தாள் உறுதியான பதிலைத் தராது. நல்ல சோப்பே pH அளவில் 9 முதல் 10 வரை காரத்தன்மை காட்டும். அதைக் குறைக்க எலுமிச்சை பிழிவது சோப்பை உடைப்பதில்தான் முடியும். ஒரு வாரம் கழித்து, ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். உங்கள் சோப்பில் உப்புக் கரிப்பு கட்டாயம் இருக்கும். அது வேறு, காரம் மிஞ்சியிருந்தால் சுரீரென்று தைப்பது வேறு. தைத்தால் அந்தச் சோப்பைத் தள்ளி வையுங்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்தாற்போல் இருந்தால் அது காற்றோடு சேர்ந்து உண்டான சோடாச் சாம்பல். துடைத்துவிடலாம்.


கிழக்குத்தோப்பு | கொழிஞ்சாம்பாறை

ஆவணி பிறந்த பிறகு எழுதுகிறேன். சோப்பு நாக்கில் தைக்கவில்லை. ஆடியில் குமுளி அக்கா சொன்னபடியே வியர்த்தது, டப்பாவில் போட்டதும் அடங்கியது. இப்போது குளிக்கிறோம். என் மாமியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கனமாக இருப்பதால் சீக்கிரம் கரைவதில்லை. நுரை பாலாடையாகச் சிறிது வருகிறது.

ஒரு குறைதான். பொள்ளாச்சியில் அம்மா வீட்டுத் தண்ணீரில் வரும் நுரையில் பாதிகூட எங்கள் போர்வெல் தண்ணீரில் வரவில்லை. வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. திருவிழாவில் ஒரு சிறு கடை போட்டு விற்கலாமா என்று என் தங்கை கேட்கிறாள்.


பாறசாலைக்காரன் | பாறசாலை

மனம் நிறைந்தது சகோதரி. முதல் தடவையே உப்புச் சோப்பு வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் அழகாகச் செய்துவிட்டீர்கள்.

விற்பனை வேறு விஷயம். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கணக்கில் வரும். 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் இரண்டின்படியும் விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் செய்தால் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், அந்தப் பக்கம் செய்தால் தமிழ்நாட்டுத் துறையிடமும் போக வேண்டும். சிறிய கடைதானே என்ற விலக்கை நம்பிவிடாதீர்கள். உறவினர்களுக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.


நுரைமகள் | பாலக்காடு

வாளியில் படிவது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் கசடு அக்கா. எந்தச் சோப்பானாலும் அந்தத் தண்ணீரில் இது நேரும். அடுத்த தடவை சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம். சோடா போடுவதற்கு முன்பே தண்ணீரில் அதைக் கரைத்துவிட வேண்டும். அது காரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் 6.2 கிராம் சோடா கூடுதலாகப் போடுங்கள். வாத்தியார் கணக்கிட்ட 73.2 கிராமோடு சேர்த்து மொத்தம் 79.4 கிராம். அமிலம் விழுந்த தண்ணீரில் சோடா போடும்போது இன்னும் வேகமாகச் சூடேறும், முன்னைவிட மெதுவாகச் சேருங்கள். கசடு முழுவதும் போகாது, நன்றாகக் குறையும்.


செங்கோட்டை வாத்தியார் | செங்கோட்டை

அமிலம் வாங்கும்போது பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். நீரற்றது என்றால் நுரைமகள் சொன்ன கணக்கு. மோனோஹைட்ரேட் (நீர் சேர்ந்தது) என்று இருந்தால் அதே 10 கிராமுக்கு 5.7 கிராம் கூடுதல் சோடா போதும், மொத்தம் 78.9.